அல்பேர்ட் பார்க்கில் நரேனின் நேரம்

2005 மார்ச்சில், மெல்பேர்ண் அல்பேர்ட் பார்க்கில் நடந்த ஃபோர்முலா வன் பந்தயத்தின் தொடக்க வரிசையை எடுத்துப் பாருங்கள். 12ஆவது இடத்தில் கோயம்புத்தூர்க்காரர் நரேன் கார்த்திகேயன். அவருக்குப் பின்னால், 13ஆவது இடத்தில், அந்த வருடம் உலகச் சம்பியனாகப் போகிற ஃபெர்னாண்டோ அலொன்சோ. ஏழு தடவை சம்பியனான மைக்கல் ஷூமாக்கர் இன்னும் பின்னால். நரேனுக்கு அது முதல் ஃபோர்முலா வன் பந்தயம். ஓர் இந்தியர் அந்தப் பந்தயத்தில் ஓடியதும் அதுதான் முதல் தடவை.

2011இல் அதே பாதை, அதே நரேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமைப் பந்தயத்தில் அவரை ஓடவே விடவில்லை. சுற்று நேரம் போதாது என்றார்கள். 2012இலும் அதே கதை.

அப்படியானால் எந்த நேரத்தை நம்புவது?

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கடிகாரத்தில் பிழை இல்லை. ஒவ்வொரு காரிலும் ஒரு சிறிய ஒலிபரப்பி இருக்கும். பாதைக்கு அடியில் புதைத்த கம்பிச் சுருள் அதைப் பிடித்து, ஆயிரத்தில் ஒரு விநாடி வரை கணக்கெடுக்கும். 1997இல் ஸ்பெயினின் ஹெரேஸில் மூன்று பேர் 1:21.072 என்ற ஒரே நேரத்தை எடுத்தார்கள். யார் முதலில் அந்த நேரத்தை எடுத்தார் என்று பார்த்துத்தான் வரிசை போட்டார்கள். எண் சரி. அந்த எண் எதை அளந்தது என்பதில்தான் சண்டை.

2005இல் அது பெரும்பாலும் மழையை அளந்தது. அப்போது ஒவ்வொருவராக வெளியே வந்து ஒரே ஒரு சுற்று ஓட வேண்டும். சனிக்கிழமை ஒரு சுற்று, ஞாயிறு காலை இன்னொன்று, இரண்டையும் கூட்டி வரிசை. அந்தச் சனிக்கிழமை மெல்பேர்ண் வானிலை தன் வேலையைக் காட்டியது (இங்கே வளர்ந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை). சிலருக்குக் காய்ந்த பாதை கிடைத்தது, அலொன்சோவுக்கும் ஷூமாக்கருக்கும் ஈரம். அந்தக் கூட்டல் முறையை ஆறு பந்தயங்களோடு கைவிட்டுவிட்டார்கள். பந்தயத்தில் அலொன்சோ 13இலிருந்து மூன்றாவதாக வந்தார். நரேன் 15ஆவது. அதற்காக நரேன் அதிர்ஷ்டத்தில் வந்தவர் என்று நான் சொல்லமாட்டேன். எல்லாரும் தடுமாறிய நாளில் காரைப் பாதையில் வைத்திருப்பதும் திறமைதான்.

2011 கதை வேறு. முதல் கட்டத் தகுதிச் சுற்றில் மிக வேகமானவரின் நேரத்தைவிட 7 வீதத்துக்கு மேல் பின்தங்கினால் பந்தயம் இல்லை என்ற விதி, 2002க்குப் பிறகு அந்த வருடம்தான் திரும்பி வந்தது. அதன் முதல் பந்தயமே மெல்பேர்ண். வேகமான நேரம் 1:25.296. ஆகவே எல்லை 1:31.266. நரேன் எடுத்தது 1:34.293. மூன்று விநாடி அதிகம். ஆனால் அவருடைய எச்ஆர்டி அணியின் புதிய கார், பருவத்துக்கு முந்திய சோதனைகளில் ஒரு கிலோமீற்றர்கூட ஓடியதில்லை. மெல்பேர்ண் கராஜுக்குள் வைத்துத்தான் அதைப் பொருத்தி முடித்தார்கள். அவருடைய சக ஓட்டுநர் லியுட்ஸியும் எல்லையைத் தாண்டவில்லை. அந்த மூன்று விநாடியில் நரேனின் கை எவ்வளவு, அணியின் காசில்லாத்தனம் எவ்வளவு? கடிகாரம் இரண்டையும் பிரித்துச் சொல்லாது.

தெருவில் ஓடும் ஸ்போர்ட்ஸ் கார்களைப் பற்றி நாங்கள் அடிபடுவதும் இதே விஷயத்துக்குத்தான். 2008இல் நிசான் தன் ஜிடி-ஆர் ஜெர்மனியின் நூர்பேர்க்ரிங் பாதையை 7 நிமிடம் 29 விநாடியில் சுற்றியது என்று அறிவித்தது. போர்ஷே நம்பவில்லை. தானே ஒரு ஜிடி-ஆர் வாங்கி ஓட்டிப் பார்த்து, 7:54தான் வருகிறது என்றது. அப்படியென்றால் எங்கள் ஓட்டுநர் பயிற்சிக்கு வாருங்கள் என்கிற மாதிரி நிசான் பதில் சொன்னது. அந்தப் பாதையின் நீளமே அப்போது ஒரு குழப்பம். பல கார்கள் 20.6 கிலோமீற்றருக்குத்தான் நேரம் எடுத்தன, முழுச் சுற்று 20.832. 2019இல்தான் முழுச் சுற்றை வைத்து அதிகாரபூர்வ விதி வந்தது. தயாரிப்பாளரே காரும் ஓட்டுநரும் கொடுத்து, தானே வெளியிடும் நேரத்தை நான் விளம்பரமாகத்தான் எடுத்துக்கொள்வேன்.

அல்பேர்ட் பார்க்கிலும் அப்படி ஒரு குழப்பம் உண்டு. 2004இல் ஷூமாக்கர் எடுத்த 1:24.125 பல வருடங்கள் சாதனையாகவே இருந்தது. ஆனால் 2019 தகுதிச் சுற்றில் ஹமில்டன் 1:20.486 ஓடியிருந்தார். சாதனைக்குப் பந்தயத்தில் ஓடிய சுற்றை மட்டும்தான் கணக்கெடுப்பார்கள். 2022இல் லெக்ளேர் பந்தயத்திலேயே 1:20.260 எடுத்தார். அதற்குள் பாதையை மாற்றி, 5.303 கிலோமீற்றரை 5.278 ஆக்கி, வேகத்தைக் குறைக்கும் ஒரு வளைவையும் எடுத்துவிட்டார்கள். இந்த இரண்டு சாதனைகளையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதில் அர்த்தமில்லை.

நரேனுக்கு வருவோம். மெல்பேர்ணில் வெளியே நிறுத்தப்பட்டு இரண்டு வாரம் கழித்து, 2011 ஏப்ரலில், மலேசியாவின் செப்பாங். அதே கார், அதே இரண்டு ஓட்டுநர்கள். இந்த முறை இருவரும் எல்லைக்குள் வந்து பந்தயத்தில் நின்றார்கள். இரண்டு காரும் முடிவுக்கோட்டை எட்டவில்லை.