வீட்டுக் காப்பீட்டுக் கொட்டேஷன் நியாயமானதா? கடலோரக் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

திருவிடைமருதூரில் நின்றால் கடல் தெரியாது. ஆனால் நம் பகுதிக் குடும்பங்கள் பெண் கொடுத்த ஊர்களும் எடுத்த ஊர்களும் பல கடலோரத்தில்தான் இருக்கின்றன: அதிராம்பட்டினம், முத்துப்பேட்டை, தோப்புத்துறை, நாகூர், காரைக்கால். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தபோது, இங்கே நம்மில் பலர் ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருந்தோம். மறுநாள் உயிர்கள் தப்பிய செய்திக்கு அல்ஹம்துலில்லாஹ் சொன்ன வாயோடுதான், ஓடு பறந்த, தென்னை விழுந்து சுவர் பிளந்த வீடுகளின் கதையையும் கேட்டோம்.

சமீபத்தில் ஜும்ஆவுக்குப் பிறகு ஒரு பெரியவர் நம்மிடம் வந்தார். சவூதியில் இருக்கும் மருமகன், முத்துப்பேட்டைப் பக்கம் கட்டியிருக்கும் வீட்டுக்குக் காப்பீடு எடுக்க மூன்று இடங்களில் கொட்டேஷன் வாங்கி அனுப்பியிருந்தார். ஓராண்டுக்கு ஒன்று 4,012 ரூபாய், இன்னொன்று 1,605 ரூபாய், மூன்றாவது 1,204 ரூபாய். "ஹஜ்ரத், ஒரே வீட்டுக்கு ஏன் இவ்வளவு வித்தியாசம்? குறைந்ததையே எடுத்துவிடலாமா?" என்று கேட்டார். அந்த மூன்று தாள்களை வைத்தே இந்தக் கட்டுரையை எழுதுகிறோம்.

மார்க்கக் கேள்வி முதலில்

காப்பீடே கூடுமா என்ற கேள்வி நம் குடும்பங்களில் முதலில் எழும். 1985-இல் ஜித்தாவிலுள்ள சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, நிலையான பிரீமியம் வாங்கும் வணிகக் காப்பீட்டு ஒப்பந்தத்தில் பெரும் 'கரர்' (நிச்சயமின்மை) இருப்பதால் அது கூடாது என்றும், ஒருவருக்கொருவர் உதவும் கூட்டுறவுக் காப்பீடே அதற்கு மாற்று என்றும் தீர்மானித்தது. மலேசியா 1984-லேயே தகாஃபுலுக்குச் சட்டம் இயற்றியது. இலங்கையிலும் தகாஃபுல் நிறுவனம் உண்டு. இந்தியாவில் வீட்டுக்கு அப்படியொரு வாசல் திறக்கவில்லை. கலவரங்களில் வீடும் கடையும் எரிந்த சூழலைக் கருதி, இந்நாட்டு உலமாக்களில் ஒரு சாரார் நிர்ப்பந்தத்தின் அடிப்படையில் அனுமதி சொல்லியிருக்கிறார்கள், மறுத்தவர்களும் இருக்கிறார்கள். இக்கட்டுரை ஃபத்வா அல்ல. உங்கள் நிலையை உங்கள் ஆலிமிடம் எடுத்துச் சொல்லி முடிவெடுங்கள். எடுப்பது என்று முடிவானால், எதற்காகப் பணம் தருகிறோம் என்று தெரியாமல் கையெழுத்திடுவது நம் கையாலேயே கரரைக் கூட்டுவதாகும். அதைக் குறைப்பதே இனி வரும் கணக்கு.

தொகையைப் பார்க்கும் முன் அடிப்படையைப் பாருங்கள்

கொட்டேஷனின் கடைசி வரியிலுள்ள ரூபாய் மட்டும் எதையும் சொல்லாது. காப்பீட்டுத் தொகை எவ்வளவு, அது எதன் மதிப்பு என்பதைத்தான் முதலில் தேட வேண்டும்.

4,012 ரூபாய் கேட்டவர் காப்பீட்டுத் தொகையாக 85 லட்சம் போட்டிருந்தார். விசாரித்தால், அது மனையும் வீடும் சேர்ந்த சந்தை விலை. புயல் மனையைத் தூக்கிக்கொண்டு போகாது. இடிந்தால் திரும்பக் கட்ட ஆகும் செலவுக்குத்தான் காப்பீடு தேவை. வீடு 1,700 சதுர அடி. அந்த ஊர் மேஸ்திரி சொன்ன கூலியும் பொருளும் சேர்ந்து சதுர அடிக்கு 2,000 ரூபாய். ஆக 34 லட்சம். மீதி 51 லட்சத்துக்குக் கட்டும் பிரீமியம் வீண்; முழு வீடும் போனாலும் கட்டுமானச் செலவுக்கு மேல் கம்பெனி தராது. உங்கள் ஊரில் இன்றைய கட்டுமான விலையை நீங்களே கேட்டுப் பெருக்கிப் பாருங்கள்.

தொகையை வேண்டுமென்றே குறைத்துப் போடுவதும் ஆபத்து. 34 லட்சம் பெறும் வீட்டை 17 லட்சத்துக்குக் காப்பீடு செய்து, 4 லட்சம் சேதமானால், சராசரி விதியுள்ள பாலிசியில் பாதிதான், அதாவது 2 லட்சம்தான் கிடைக்கும்.

ஆயிரத்துக்கு எவ்வளவு?

அடுத்து, ஜிஎஸ்டி சேராத பிரீமியத்தைக் காப்பீட்டுத் தொகையின் ஆயிரங்களால் வகுக்க வேண்டும். வீட்டுக் காப்பீட்டுக்கு ஜிஎஸ்டி 18 விழுக்காடு. 2025 செப்டம்பரில் வரி நீக்கப்பட்டது தனிநபர் ஆயுள், மருத்துவக் காப்பீடுகளுக்கு மட்டும்தான்.

முதல் கொட்டேஷன்: வரி நீங்கலாக 3,400 ரூபாய், தொகை 85 லட்சம். ஆயிரத்துக்கு 40 பைசா.
இரண்டாவது: வரி நீங்கலாக 1,360 ரூபாய், தொகை 34 லட்சம். ஆயிரத்துக்கு அதே 40 பைசா.
மூன்றாவது: வரி நீங்கலாக 1,020 ரூபாய், தொகை 34 லட்சம். ஆயிரத்துக்கு 30 பைசா.

'அதிகம்' என்று தோன்றிய முதல் கம்பெனியும் இரண்டாவதும் ஒரே விலைதான் கேட்டிருக்கின்றன. தப்பு விலையில் இல்லை, மதிப்பீட்டில் இருக்கிறது. இவை இந்த ஒரு வீட்டின் கணக்கு. உங்கள் வீட்டுக்கு இதே விகிதம் வர வேண்டும் என்பதில்லை. 2007 முதல் தீக் காப்பீட்டுக் கட்டணத்தைக் கம்பெனிகளே நிர்ணயிக்கின்றன. அதனால் குறைந்தது மூன்று இடங்களில், ஒரே தொகைக்கு, ஒரே வகைப் பாலிசிக்குக் கேட்டு ஒப்பிட்டால்தான் நியாய விலை தெரியும்.

மலிவானது எதை விட்டுவிட்டது?

10 பைசா குறைத்த மூன்றாவது தாளில் தீ, இடி, நிலநடுக்கம் எல்லாம் இருந்தன. புயல், சூறாவளி, வெள்ளம் என்ற வரிசை இல்லை. கஜா கரை கடந்த பகுதியிலுள்ள வீட்டுக்குப் புயல் இல்லாத பாலிசி!

ஒப்பிடுவதற்கு நல்ல அளவுகோல் 'பாரத் கிருஹ ரக்ஷா'. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் (ஐஆர்டிஏஐ) 2021 ஏப்ரல் 1 முதல் வீடுகளுக்கென நடைமுறைப்படுத்திய பொதுவான பாலிசி இது. எந்தக் கம்பெனியில் எடுத்தாலும் அடிப்படை வாசகம் ஒன்றுதான். அதில் நமக்கு முக்கியமானவை:

• புயல், சூறாவளி, வெள்ளம், சுனாமி, மின்னல், நிலநடுக்கம், தீ ஆகியவையும், மரம் விழுந்து ஏற்படும் சேதமும், கலவரச் சேதமும் அடங்கும். 2004 டிசம்பர் 26-இல் நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் அதிகமானோரைப் பறிகொடுத்த நமக்குச் சுனாமி என்ற சொல் இருக்கிறதா என்று பார்ப்பது கடமை.
• கட்டிடத்துக்கு எடுத்தால், வீட்டுச் சாமான்களுக்குக் கட்டிடத் தொகையில் 20 விழுக்காடு, அதிகபட்சம் 10 லட்சம் வரை, தானாகச் சேரும். 34 லட்சம் வீட்டுக்கு இது 6 லட்சத்து 80 ஆயிரம்.
• மேலே சொன்ன சராசரி விதி இதில் கிடையாது. தொகை குறைவாக இருந்தாலும், அந்தத் தொகைக்குள் உண்மையான சேதம் கிடைக்கும்.
• பல ஆண்டுகளுக்குச் சேர்த்து எடுத்தால், கட்டிடத் தொகை ஆண்டுக்கு 10 விழுக்காடு தானாக உயரும்.

இதில் இல்லாதவற்றையும் அறிந்துகொள்ளுங்கள். நகைக்குத் தனியாகக் கேட்டு எடுக்க வேண்டும். ரொக்கம் சேராது. திருட்டு என்றால், காப்பீட்டில் அடங்கும் ஆபத்து நேர்ந்து 7 நாட்களுக்குள் அதையொட்டி நடந்தது மட்டுமே சேரும். உப்புக் காற்றில் கம்பி துருப்பிடிப்பது, நாள்பட்ட விரிசல் ஆகியவை தேய்மானம். அவற்றுக்குக் கிளைம் இல்லை. ஓலை, கீற்று வேய்ந்த கூரையிருந்தால் அதை மறைக்காமல் சொல்லி, சேர்த்துக்கொண்டார்களா என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

கடலோரம் என்பதால் கூடுதலா?

கடலுக்கு அருகிலுள்ள வீட்டுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கேட்பது அநியாயம் என்று சொல்ல முடியாது. ஆபத்து உண்மையிலேயே அதிகம். ஆனால் கூடுதல் வாங்கினால் புயலையும் வெள்ளத்தையும் முழுமையாக ஏற்க வேண்டும். கட்டணத்தையும் கூட்டிவிட்டு, புயல் சேதத்தில் முதல் இவ்வளவு ரூபாய் உங்கள் பொறுப்பு என்று பெரிய தொகையைக் கழிக்கும் நிபந்தனையும் வைத்தால், அது நியாயமான கொட்டேஷன் அல்ல. "கழிவு எவ்வளவு? புயலுக்குத் தனிக் கழிவு உண்டா?" என்று கேட்காமல் பணம் கட்டாதீர்கள்.

கடலோரத்தில் இல்லாத நாமும் அலட்சியமாக இருக்க முடியாது. நம் வட்டத்துக்கு வடக்கே கொள்ளிடம் ஓடுகிறது. 2018 ஆகஸ்ட்டில், முக்கொம்பில் கொள்ளிடத்தின் ஒன்பது மதகுகளையே தண்ணீர் அடித்துச் சென்றது. இங்குள்ள வீடுகளுக்கும் 'வெள்ளம்' என்ற சொல்லே முதலில் தேட வேண்டியது.

வங்கிக் கடன் இருந்தால் இன்னொன்றையும் பாருங்கள். வங்கி எடுத்துத் தரும் பாலிசி சில சமயம் கடன் பாக்கி அளவுக்கு மட்டுமே இருக்கும். உங்கள் பங்குக்குப் பாதுகாப்பு இராது. வங்கி காட்டும் கம்பெனியில்தான் எடுக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

பூட்டிய வீடு

இத்தனையும் பார்த்த பிறகு பெரியவரிடம் ஒரு கேள்வி கேட்டோம்: "வீட்டில் இப்போது யார் இருக்கிறார்கள்?" "யாரும் இல்லை ஹஜ்ரத். மகளும் பிள்ளைகளும் அங்கேயே போய்விட்டார்கள். ரமளானுக்கு வந்தால்தான் திறப்பு."

பல பாலிசிகளில், வீடு 30 நாட்களுக்கு மேல் தொடர்ந்து ஆளில்லாமல் இருந்தால் முன்பே தெரிவித்துச் சம்மதம் பெற வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. மூன்று கம்பெனிகளின் ஏஜெண்டுகளும் அதைக் கேட்கவில்லை, மருமகனும் சொல்லவில்லை. இப்படியே எடுத்திருந்தால், ஒருநாள் சர்வேயர் வந்து பார்த்துவிட்டு 'ஆளில்லா வீடு' என்று எழுதும்போதுதான் விஷயம் தெரிந்திருக்கும். வெளிநாட்டில் குடும்பத்தோடு இருக்கும் நம் சகோதரர்கள் அனைவரும் இந்த ஒரு வரியை மறக்க வேண்டாம்.

இரண்டாவது கம்பெனிக்கே மருமகனை மின்னஞ்சல் அனுப்பச் சொன்னோம்: வீடு பூட்டியிருக்கும், சாவி இன்னாரிடம், மாதம் இருமுறை திறந்து பார்க்கப்படும். சம்மதம் எழுத்தில் வந்த பிறகே பணம் கட்டினார்.

நீங்களும் வடகிழக்குப் பருவமழை தொடங்கும் அக்டோபருக்கு முன்பே இந்த வேலையை முடியுங்கள். புயலுக்குப் பெயர் வைத்த பிறகு ஓடினால், புதிய பாலிசி தரக் கம்பெனி தயங்கும். சுவர், கூரை, சாமான்களைப் படம் எடுத்து, வீட்டுக்கு வெளியே இருக்கும் ஒருவரின் ஃபோனிலும் வையுங்கள். கிளைமில் தகராறு வந்தால் முதலில் கம்பெனிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். ஐஆர்டிஏஐ-யின் 155255 எண்ணிலும் முறையிடலாம். 30 நாட்களில் பதில் இல்லையென்றாலோ, பதில் திருப்தி தராவிட்டாலோ, ஓராண்டுக்குள் சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அதற்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். காரைக்காலுக்கும் அதே அலுவலகம்தான்.

வியர்வை சிந்திக் கட்டிய வீடுகளை அல்லாஹ் பாதுகாப்பானாக. அவற்றின் பெயரில் நாம் போடும் கையெழுத்து, படித்துப் பார்த்துப் போட்ட கையெழுத்தாக இருக்கட்டும்.