குறும்படத்துக்கு கேமரா: 4கே தாண்டி என்ன பார்க்கணும்?

முதல் குறும்படத்துக்கு கேமரா வாங்கப் போறீங்களா? பெட்டி மேல் இருக்கும் '4கே'யை மட்டும் பார்க்காதீங்க.

வண்ணம்: 8-பிட் கேமரா ஒவ்வொரு வண்ணத்துக்கும் 256 படிநிலைகளைப் பதியும், 10-பிட் என்றால் 1,024. கலர் கிரேடிங்கில் வானம் பட்டை பட்டையாகத் தெரியாது.

ஷட்டர்: நம்ம மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். 25 ஃபிரேமில் ஷட்டர் 1/50 வைத்தால், டியூப்லைட் பெரும்பாலும் மினுக்காது. நீங்களே அதை செட் பண்ண முடியணும்.

சேமிப்பு: 100 எம்பிபிஎஸ்ஸில் ஒரு மணி நேரம் எடுத்தால் சுமார் 45 ஜிபி. மெமரி கார்டு, ஹார்டு டிஸ்க் செலவையும் கணக்கில் சேருங்க.

ஒலி: மைக், ஹெட்போன் சாக்கெட் இரண்டும் தேவை.

ஷான் பேக்கரின் 'டேஞ்சரின்' (2015) படம் ஐபோன் 5எஸ்ஸில் எடுத்தது; ஆனால் ஒலியைத் தனியாகப் பதிவு செய்தார்கள். முழு பட்ஜெட்டையும் கேமராவில் போட்டுட்டா மைக்குக்குக் காசு இருக்காது. முதலில் ஒரு நாள் வாடகைக்கு எடுத்துப் பாருங்க.