வெளிநாட்டு டிவிடி ஓடவில்லையா? புதிய பிளேயர் வாங்கும் முன் தட்டின் பின்னட்டையைப் பாருங்கள்

சுங்கை பினாங், ஜெலுத்தோங் வட்டார அடுக்குமாடி வீடுகளில், டிவிக்குக் கீழே உள்ள அலமாரியைத் திறந்தால் இன்னமும் ஒரு பெட்டி நிறைய டிவிடி தட்டுகளைப் பார்க்கலாம். சென்னையிலிருந்து அத்தை கொடுத்தனுப்பியது, லண்டன் மாமா வந்தபோது கொண்டு வந்தது, மெல்பர்னில் படித்த மகள் வாங்கியது, திருச்சியில் நடந்த கல்யாணத்தின் வீடியோ என எல்லாம் அதில் இருக்கும். பழைய பிளேயர் பழுதாகி, புதிது ஒன்றை வாங்கி வந்து போட்டால், அவற்றில் சில ஓடாது. திரையில் ஏதோ ஓர் எச்சரிக்கை வரும், அல்லது படம் கறுப்பு வெள்ளையாகி உருளும். தட்டு கெட்டுவிட்டது என்று குப்பையில் போட்டு விடுகிறவர்களும் உண்டு.

பெரும்பாலும் தட்டில் எந்தக் கோளாறும் இருக்காது. அதைத் தடுப்பது பிளேயருக்குள் இருக்கும் ஒரு பூட்டு.

1996-ஆம் ஆண்டின் இறுதியில் ஜப்பானில் டிவிடி விற்பனைக்கு வந்தது. ஹாலிவுட் படங்கள் அப்போது ஒவ்வொரு நாட்டிலும் வெவ்வேறு மாதங்களில் திரையிடப்பட்டன. ஒரு நாட்டில் தட்டாக வந்த படம், இன்னும் தியேட்டருக்கே வராத நாட்டுக்குள் நுழைந்துவிடக் கூடாது என்பதற்காகப் படக் கம்பெனிகள் உலகைப் பகுதிகளாகப் பிரித்து எண் கொடுத்தன. இதுதான் மண்டல எண், கடைக்காரர்கள் சொல்லும் ‘ரீஜன் கோட்’. அதற்கு முன் நம் வீடுகளில் ஓடிய விசிடிக்கு இப்படி ஒரு பூட்டே கிடையாது. எந்த ஊர் விசிடியும் எந்தப் பெட்டியிலும் ஓடியது. அதனால்தான் பெரியவர்கள் பலருக்கு இந்தச் சிக்கல் இன்றும் புரியாத புதிராக இருக்கிறது.

மலேசியா 3-ஆம் மண்டலம். சிங்கப்பூர், தாய்லாந்து, இந்தோனேசியா, ஹாங்காங், தைவான், தென்கொரியா ஆகியவையும் அதே எண்தான். ஆகவே கொரிய நாடகத் தட்டுகள் இங்கே தடையின்றி ஓடும். இந்தியாவும் இலங்கையும் 5. அமெரிக்காவும் கனடாவும் 1. பிரிட்டன், ஐரோப்பா, ஜப்பான், துபாய் உள்ளிட்ட மத்திய கிழக்கு 2. ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் 4. சீனாவுக்கு மட்டும் தனியாக 6. இந்த எண் தட்டின் பின்னட்டையில், சிறிய உலக உருண்டைப் படத்துக்குள் அச்சிடப்பட்டிருக்கும். அங்கே 0 என்றோ ‘ஆல்’ என்ற ஆங்கிலச் சொல்லோ இருந்தால் பூட்டு இல்லை என்று பொருள்.

தமிழ்ப் படம் மட்டும் பார்ப்பவர்கள் இங்கே ஒரு விஷயத்தைத் தெரிந்துகொண்டால் கைக்காசு மிஞ்சும். லண்டனைத் தளமாகக் கொண்ட ஐங்கரன் போன்ற நிறுவனங்கள் வெளிநாட்டுத் தமிழர்களுக்காக வெளியிட்ட தட்டுகளில் பல, எல்லா மண்டலத்துக்கும் பொதுவானவை. உலகம் முழுக்கச் சிதறிக் கிடக்கும் ரசிகர்களுக்கு விற்பவர்கள் பூட்டுப் போட்டு என்ன லாபம்? லிட்டில் இந்தியாவின் பாட்டுக் கடைகளில் வாங்கி வைத்த தட்டுகளை முதலில் திருப்பிப் பாருங்கள். பூட்டு பெரும்பாலும் ஆங்கிலப் படங்களில்தான் இருக்கும்.

தட்டு ஓடாததற்கு இரண்டாவது காரணம் டிவி முறை. மலேசியா, இந்தியா, இலங்கை, பிரிட்டன், ஆஸ்திரேலியா ஆகியவை பி.ஏ.எல். முறையைப் பின்பற்றியவை (கடையில் ‘பால்’ என்பார்கள்). அமெரிக்காவும் கனடாவும் ஜப்பானும் என்.டி.எஸ்.சி. முறை. முதலாவதில் விநாடிக்கு 25 படச் சட்டங்கள், இரண்டாவதில் ஏறக்குறைய 30. மேலே சொன்ன வெளிநாட்டுத் தமிழ்ப் படத் தட்டுகளிலும் பல என்.டி.எஸ்.சி. முறையில் வந்தவையே. படம் கறுப்பு வெள்ளையாக வந்தாலோ, மேலும் கீழும் உருண்டாலோ இதுதான் காரணம். மண்டலப் பூட்டு அல்ல. நம் நாட்டுக் கடைகளில் விற்கும் பிளேயர்கள் பொதுவாக இரண்டையும் ஏற்கும். அமெரிக்காவில் வாங்கியவற்றில் பல பி.ஏ.எல். தட்டுகளை ஏற்பதில்லை.

அமெரிக்காவிலிருந்து உறவினர் பிளேயரையே கொண்டு வந்து தருகிறேன் என்றால் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. அங்கே மின்சாரம் 120 வோல்ட், இங்கே 230. பெட்டியின் பின்புறம் ‘100-240’ என்று எழுதியிருந்தால் பிளக்கை மாற்றினால் போதும். 120 என்று மட்டும் இருந்தால் சொருகிய மறுநொடியே கருகிவிடலாம். உள்ளூரில் வாங்குவதில் இந்தக் கவலை இல்லை. சிரிம் ஸ்டிக்கர் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளவும்.

இனி கடைக்குப் போவோம். ‘மல்டி ரீஜன்’ அல்லது ‘ரீஜன் ஃபிரீ’ என்று கேட்டால் கடைக்காரர் தலையாட்டுவார். அந்தத் தலையாட்டலை நம்பிப் பணம் கொடுக்க வேண்டாம். வீட்டில் ஓட மறுத்த தட்டுகளில் இரண்டு மூன்றைக் கையோடு கொண்டு போய் அங்கேயே போட்டுக் காட்டச் சொல்லுங்கள். மண்டலம் 1, 2, 5 என வெவ்வேறு எண்கள் இருந்தால் நல்லது. பல மாடல்களில் பூட்டைத் திறப்பது கடினமான வேலையல்ல. தட்டு வைக்கும் தட்டத்தைத் திறந்துவிட்டு ரிமோட்டில் சில எண்களை அழுத்தினால் ஒரு மறைவான மெனு வரும். அதில் 0 அல்லது 9 என்று மாற்றினால் முடிந்தது. எண்கள் மாடலுக்கு மாடல் மாறும் என்பதால் கடையிலேயே செய்து தரச் சொல்வதே உத்தமம். அப்படிச் செய்தால் உத்தரவாதம் ரத்தாகுமா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். 2000-ஆம் ஆண்டுவாக்கில் வந்த சில அமெரிக்கத் தட்டுகள், 0 என்று வைக்கப்பட்ட பிளேயரையும் கண்டுபிடித்து மறுத்துவிடும். அவற்றுக்கு 0-ஐ விட்டு 1 என்றே மாற்ற வேண்டும். ஆகவே எண்ணை விருப்பப்படி மாற்ற முடிகிற மாடலே சிறந்தது.

புளூரே பிளேயர் வாங்குவோர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். புளூரேயில் எண்களுக்குப் பதில் எழுத்துகள்: மலேசியா ஏ, பிரிட்டனும் ஆஸ்திரேலியாவும் பி, இந்தியா சி. டிவிடிக்கான பூட்டைத் திறந்தால் புளூரே பூட்டும் திறந்துவிடாது. ‘எல்லாம் ஓடும்’ என்று விற்கப்படும் பெட்டியில் டிவிடி எல்லாம் ஓடும், சென்னையில் வாங்கிய சி மண்டல புளூரே ஓடாது. இரண்டும் திறந்ததா என்று தனித்தனியாகக் கேட்க வேண்டும். 4கே புளூரே தட்டுகளுக்கு மட்டும் மண்டலமே இல்லை.

இணைக்கும் கம்பியையும் மறக்கக் கூடாது. 2019 அக்டோபர் 31-உடன் மலேசியாவில் அனலாக் ஒளிபரப்பு முடிவுக்கு வந்தது. அதையொட்டிப் பலர் டிவியை மாற்றினர். புதிய டிவிகள் பலவற்றில் சிவப்பு, வெள்ளை, மஞ்சள் துளைகள் இல்லை. பிளேயரில் எச்.டி.எம்.ஐ. இருக்க வேண்டும்.

மாடல்களும் குறைந்து வருகின்றன. ஓப்போ 2018-இல் இந்தத் தொழிலை விட்டது. மறு ஆண்டு சாம்சங் அமெரிக்கச் சந்தைக்குப் புதிய புளூரே மாடல்கள் கொண்டு வருவதை நிறுத்தியது. அதனால் பழைய பெட்டிகளைத் தேடுவோர் அதிகம். பழையதை வாங்கினால் கடைத் தட்டோடு, வீட்டில் பதிவு செய்த தட்டு ஒன்றையும் போட்டுப் பாருங்கள். லென்ஸ் தேய்ந்த பிளேயர் முன்னதைப் படிக்கும், பின்னதில் திக்கும்.

பிளேயரே வேண்டாம், கணினி போதும் என்போருக்கும் ஒரு வார்த்தை. கணினி டிரைவில் மண்டல எண்ணை 5 முறை மட்டுமே மாற்றலாம். ஐந்தாவது முறை வைத்த எண் அப்படியே நின்றுவிடும். பிள்ளைகள் விளையாட்டாக ‘ஓகே’ அழுத்துவதற்கு முன் தெரிந்திருக்க வேண்டிய செய்தி.

கடையில் ‘எல்லா மண்டலமும் ஓடும்’ என்று சொன்னால் அதை ரசீதில் எழுதி வாங்குங்கள். பிறகு ஓடாமல் போய், கடைக்காரரும் கைவிரித்தால், மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 5 ரிங்கிட் கட்டணம் செலுத்திப் புகார் பதியலாம். 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை மன்றம் விசாரிக்கும். 3 ஆண்டுகளுக்குள் பதிய வேண்டும். வக்கீல் தேவையில்லை. எழுத்தில் உள்ள ஒரு வரி அங்கே பெரிய சாட்சி.

கடைசியாக, அந்தத் திருச்சிக் கல்யாணத் தட்டு. ஸ்டூடியோக்காரர் கணினியில் பதிந்து கொடுத்த தட்டில் மண்டலப் பூட்டு இருக்காது. அது ஓடவில்லை என்றால் ‘ஃபைனலைஸ்’ செய்யாமல் கொடுத்திருக்கலாம், கீறல் விழுந்திருக்கலாம், அல்லது தட்டின் சாயம் வெளுக்கத் தொடங்கியிருக்கலாம். அதற்காக ரீஜன் ஃபிரீ பிளேயர் வாங்குவது வீண். வெவ்வேறு கணினி டிரைவ்களில் போட்டுப் பாருங்கள். ஏதாவது ஒன்று படித்தால் அன்றைக்கே ஹார்ட் டிஸ்க்கிலும் பென்டிரைவிலும் நகல் எடுத்துவிடுங்கள். கடைப் படத்தை மறுபடி வாங்கலாம். தாத்தா பந்தலில் நின்று ஆசீர்வாதம் செய்யும் காட்சி அந்த ஒரு தட்டில்தான் இருக்கிறது. 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் பினாங்கை மூழ்கடித்த வெள்ளத்தை மறக்காத சுங்கை பினாங் வீடுகளில், தட்டுப் பெட்டி அலமாரியின் மேல் தட்டில், வெயில் படாத இடத்தில் இருக்கட்டும்.