நாள்பட்ட தண்ணீர்

விருதுநகர்ச் சீமையில் ஆண்டுக்கு ஏறக்குறைய 800 மில்லிமீட்டர் மழை; அதிலும் பெரும்பகுதி ஐப்பசியிலும் கார்த்திகையிலும் பெய்து ஓய்ந்துவிடும்; வைப்பாறும் அர்ச்சுனா நதியும் கௌசிகா நதியும் வருஷத்தில் பல மாதங்கள் வெறும் மணலாகவே கிடக்கும். ஆதலால் இப்பக்கத்துப் பெரியோர்கள், வானம் கொடுத்த ஜலத்தைக் கண்மாயிலும் ஊருணியிலும் தெப்பக்குளத்திலும் தேக்கி, கலங்கல் அடங்கும்வரை பொறுத்திருந்து, தேற்றாங்கொட்டையைக் குடத்தின் உட்புறத்தில் உரைத்துத் தெளியவைத்துக் குடிப்பதையே பரம்பரை வழக்கமாகக் கொண்டிருந்தார்கள். பிடித்த தண்ணீரை ஓர் இரவேனும் நிற்கவிட்டு எடுக்கும் அந்தச் சம்பிரதாயம், கண்ணாடித் தொட்டியில் கலர் மீன் வளர்க்கப் புகுந்த அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்கும் கைகொடுத்தது.

பழைய காலத்தில் மீனுக்குத் தண்ணீரைப் பக்குவம் செய்ய வேண்டிய அவசியமே எழவில்லை. கொசுப் புழுவைத் தின்னட்டும் என்று கண்மாய்க் கெண்டையைப் பிடித்துக் கிணற்றில் விட்டவர்கள், மழைநீரிலிருந்து மழைநீருக்கே அதை மாற்றினார்கள். சென்னைக் கடற்கரையில் 1909-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட மீன் காட்சிச்சாலையிலும் கடல் ஜீவன்களுக்குக் கடல் நீரே இருந்தபடியால் இந்தப் பிரச்சினை தலைகாட்டவில்லை. சங்கடம் வந்தது குழாயோடும், குழாய்த் தண்ணீரைச் சுத்திசெய்ய வந்த குளோரினோடும்தான்.

ஸ்காட்லாந்தின் சார்லஸ் டென்னன்ட், துணி வெளுப்பதற்கென்று பிளீச்சிங் பவுடருக்கு 1799-இல் காப்புரிமை பெற்றார். அவ்வினத்து இரசாயனத்தை அமெரிக்காவின் ஜெர்சி நகரம் 1908-இல் தன் குடிநீரில் இடைவிடாது கலக்கத் தொடங்கியது; அதன்பின் அம்முறை உலகெங்கும் பரவிற்று. நம் பக்கத்திலோ, காலராக் காலங்களில் கிணற்றில் தூவும் மருந்தாகவே ஜனங்கள் அதை முதலில் அறிந்தார்கள். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம் 1971-இல் அமைந்து, கூட்டுக் குடிநீர்த் திட்டங்கள் பெருகி, வெம்பக்கோட்டை அணைத் தண்ணீரும் மானூர் வழியாகத் தாமிரபரணித் தண்ணீரும் சிவகாசிக்கு வந்து சேர்ந்தபோது, பிளீச்சிங் வாடையும் உடன் வந்து அன்றாட வாழ்க்கையில் ஓர் அம்சமாகிவிட்டது.

குழாய்முனையில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது குளோரின் எஞ்சியிருக்க வேண்டுமென்பது இந்தியக் குடிநீர்த் தர விதி. மனிதனுக்கு அது ரட்சை. மீனுக்கோ, இரத்தத்துக்கும் தண்ணீருக்கும் இடையே மெல்லிய சவ்வாக நிற்கும் செவுளை அரிக்கும் விஷம். அளவு சற்று மிகுந்த தண்ணீரில் விடப்பட்ட மீன் மேற்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடும், விடிவதற்குள் மிதக்கும். ஆயினும் இந்த ஊர்களில் அவ்விபத்து அடிக்கடி நேரவில்லை; அதற்குக் காரணம் நகராட்சியின் தாராளமன்று, தட்டுப்பாடே. குழாயில் சில நாளைக்கு ஒருமுறை வரும் ‘நல்ல தண்ணி’யைச் சிமெண்டுத் தொட்டியிலும் டிரம்மிலும் அண்டாவிலும் பிடித்து வைப்பது இங்கே ஒவ்வொரு வீட்டின் கடமை, வாயகன்ற பாத்திரத்தில் காற்றுப்பட ஓரிரு நாள் நின்ற தண்ணீரிலிருந்து குளோரின் தானே பறந்துவிடும். மீன் சாஸ்திரம் எதுவும் வாசிக்காத வீட்டார், மீனுக்கு ஏற்ற நாள்பட்ட தண்ணீரை இவ்வாறு அறியாமலே தயாராக வைத்திருந்தார்கள்.

காத்திருக்க இயலாதவர்களுக்கு ஹைப்போ இருந்தது. கற்கண்டுத் துண்டுகளைப்போல் தோன்றும் சோடியம் தயோசல்பேட் என்னும் இவ்வுப்பு, ஒரு பங்கு குளோரினுக்கு ஏறக்குறைய ஏழு பங்கு என்னும் கணக்கில் கரைக்கப்பட்டால், சில நிமிஷங்களுக்குள் குளோரினைச் சாதுவாக்கிவிடும். சிவகாசிக்கு இது புதிய சரக்கன்று. 1922-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று கற்றுவந்த தீப்பெட்டித் தொழிலுக்கு லேபிள் அடிக்க வேண்டியே இவ்வூரில் அச்சகங்கள் கிளைத்தன. அவ்வச்சகங்களின் இருட்டறைகளில், காமிராவில் எடுத்த படத்தை நிலைநிறுத்தும் திராவகத்துக்கு ஆதாரம் இதே ஹைப்போ. தீக்குச்சியின் தலையிலுள்ள பொட்டாசியம் குளோரேட்டில் குளோரின் அடங்கியிருக்க, லேபிளின் படம் ஹைப்போவால் நிலைபெற்றிருக்க, இவ்விரண்டும் மீன் தொட்டியிலே எதிரெதிராகச் சந்தித்தது ஒரு விநோதமே. கம்ப்யூட்டர் வந்து அச்சகத்து இருட்டறைகள் மறைந்தன. ஹைப்போ மட்டும் வர்ண மீன் கடையில் சிறு பொட்டலமாக ஜீவித்திருக்கிறது.

குளோரின் போனதோடு மீனின் துயரம் தீர்ந்துவிடுவதில்லை. சென்னைக் கொளத்தூர் முதலிய வர்த்தக ஸ்தலங்களிலிருந்து பிராணவாயு அடைத்த பாலிதீன் பையில் இரவெல்லாம் பிரயாணம் செய்து வரும் மீன், தன் கழிவிலேயே மூச்சுவிட்டுச் சோர்ந்து வந்திருக்கும். அனுபவசாலியான கடைக்காரர் முதலில் விளக்கை அணைப்பார்; பையைக் கட்டவிழ்க்காமலே தொட்டியில் கால்மணி நேரம் மிதக்கவிட்டு வெப்பம் சமப்படச் செய்வார்; பிறகு வாயைத் திறந்து தொட்டித் தண்ணீரை ஒரு தம்ளர், சற்றுப் பொறுத்து இன்னொரு தம்ளர் என்று சேர்ப்பார்; முடிவில் மீனை மட்டும் வலையால் எடுத்து விட்டு, பைத்தண்ணீரைச் சாக்கடையில் கொட்டுவார். அன்று இரை போடமாட்டார். போர்த் தண்ணீரின் கடினத்தன்மை மிகுந்த இந்தச் சீமையில் மோலியும் கப்பியும் எளிதில் பிழைக்க, மென்மையான நீரை விரும்பும் டெட்ரா வாடிவிடுகிறதென்பதையும் அவர் அனுபவத்தால் அறிவார்.

இன்று துளித்துளியாக விடும் மருந்துப் புட்டிகள் வந்து ஹைப்போப் பொட்டலத்தையும் பின்தள்ளுகின்றன. ஆனால் மீனின் கழிவிலிருந்து பிறக்கும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதனை அவ்வளவு தீங்கற்ற நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் புதுத் தொட்டியில் நிலைகொள்ள நாலு முதல் ஆறு வாரம் பிடிக்கிறது. குளோரினைப் போக்க ஒரு நிமிஷமே போதுமென்று கண்டவர், தொட்டியும் அன்றே தயாராகிவிட்டதென்று எண்ணிக் கடையிலுள்ள அழகிய மீன்களையெல்லாம் ஒரே நாளில் கொண்டுவந்து விடுகிறார். ஒரு வாரத்தில் அவை ஒவ்வொன்றாக மடியத் தொடங்கியதும் மருந்தைக் குறைகூறுகிறார். மருந்து தன் வேலையைச் செய்துதான் இருக்கிறது; தண்ணீரை நிற்கவிடும் வழக்கத்தில் பாதியை மட்டுமே அது செய்ய வல்லது, மற்றப் பாதியைப் பொறுமையைத் தவிர வேறெதுவும் செய்வதற்கில்லை.