எஸ்.டி.எம்-1

எஸ்.டி.எம்-1 (சிங்க்ரோனஸ் டிரான்ஸ்போர்ட் மாட்யூல்-1) என்பது ஒத்திசைவு ஒளியிழை வலையமைப்புகளின் அடிப்படைச் செலுத்துகை அலகு. இதன் வேகம் நொடிக்கு 155.52 மெகாபிட். எஸ்.டி.எச் எனப்படும் ஒத்திசைவு டிஜிட்டல் படிநிலையின் முதற்படி இது.

முன்னிருந்த முறை: ஐரோப்பாவும் இந்தியாவும் 30 பேச்சுத்தடங்களை 2.048 மெகாபிட் ஓடையாகத் தொகுத்தன. வட அமெரிக்கா 24 தடங்களை 1.544 மெகாபிட் ஓடையாகத் தொகுத்தது. ஓடைகளின் கடிகாரங்கள் முழுமையாக ஒத்துப்போகாததால், மேலே தொகுக்கும் ஒவ்வொரு நிலையிலும் நிரப்பு பிட்டுகளைச் சேர்க்க வேண்டியிருந்தது. வழியிலுள்ள ஊரில் ஒரே ஓர் ஓடையை இறக்கவும் மொத்தத்தையும் படிப்படியாகப் பிரித்து மீண்டும் கட்டவேண்டியிருந்தது.

தோற்றம்: 1985-இல் அமெரிக்காவின் பெல்கோர் நிறுவனம் சோனெட் என்ற ஒத்திசைவு முறையை முன்வைத்தது. அதை உலகத் தரமாக்கும் பேச்சு சி.சி.ஐ.டி.டி. என்ற பன்னாட்டுத் தொலைத்தொடர்புத் தர அமைப்பில் நடந்தபோது, பைட்டுகளை அடுக்கும் கட்டமான சட்டகத்தின் வரிசைகள் எத்தனை என்பதே பெரும் சிக்கலாயிற்று. அமெரிக்கத் தரப்பு 13 வரிசைகளையும் ஐரோப்பியத் தரப்பு 9 வரிசைகளையும் கோரின. ஒன்பதில் இரு தரப்புக்கும் இடமிருந்தது: நான்கு நெடுவரிசைகளின் 36 பைட்டுகளில் 32 பைட் ஐரோப்பிய ஓடை அடங்கும், மூன்றின் 27 பைட்டுகளில் 24 தடங்கள் கொண்ட அமெரிக்க ஓடை அடங்கும். 1988-இல் 9 வரிசை, 270 நெடுவரிசை என முடிவாகி, ஜி.707, ஜி.708, ஜி.709 பரிந்துரைகள் வெளிவந்தன. சோனெட்டின் அடிப்படை வேகம் 51.84 மெகாபிட் ஆனது. அதன் மும்மடங்கே எஸ்.டி.எம்-1.

அமைப்பு: ஒரு சட்டகத்தில் 2,430 பைட்டுகள், அது கடக்கும் நேரம் 125 மைக்ரோநொடி. தொலைபேசிக் குரலை நொடிக்கு 8,000 முறை மாதிரியெடுக்கும் வழக்கத்திலிருந்து வந்த அளவு இது. ஆகவே சட்டகத்தின் ஒவ்வொரு பைட்டும் ஒரு பேச்சுத்தடத்துக்கு, அதாவது 64 கிலோபிட்டுக்குச் சமம். முதல் 9 நெடுவரிசைகள் கண்காணிப்புக்கும் நிர்வாகத்துக்கும் உரியவை. அவற்றின் நான்காம் வரிசையிலுள்ள சுட்டி, சரக்கு (சுமக்கப்படும் தரவு) தொடங்கும் இடத்தைக் காட்டுகிறது. கடிகாரம் சிறிது விலகினாலும் சுட்டி அதற்கேற்ப நகரும். இதனால் வேண்டிய ஓடையை மட்டும் நேரே இறக்கவும் ஏற்றவும் முடியும். ஓர் எஸ்.டி.எம்-1 மொத்தம் 63 இரண்டு மெகாபிட் ஓடைகளை, அதாவது 1,890 பேச்சுத்தடங்களைச் சுமக்கும்.

பிற்காலம்: நான்கு நான்கு மடங்காக எஸ்.டி.எம்-4, 16, 64, 256 என இம்முறை வளர்ந்தது. இழை அறுந்தால் 50 மில்லிநொடிக்குள் மாற்றுவழிக்குத் தாவும் வளைய அமைப்புகள் இதன் பெரும் வலிமை. இணையத் தரவு பெருகியபின் ஈதர்நெட்டும் ஓ.டி.என். (ஒளியியல் செலுத்துகை வலையமைப்பு) முறையும் இதன் இடத்தைப் பிடித்தன. 2001-இல் ஓ.டி.என். தரத்துக்கு இடப்பட்ட எண், எஸ்.டி.எச்-இன் தொடக்கப் பரிந்துரைகளுள் ஒன்று விட்டுச்சென்ற அதே ஜி.709.