14 அங்குலத்தில் ஒரு பேரரசு

1444 நவம்பர் 10. கருங்கடல் கரையில், இன்றைய பல்கேரியாவில் இருக்கும் வார்னா நகரத்துக்கு வெளியே ஒரு போர். போலந்துக்கும் ஹங்கேரிக்கும் அரசனாக இருந்த மூன்றாம் விளாதிஸ்லாவ், உதுமானியப் படைக்குள் குதிரையை விட்டான். திரும்பி வரவில்லை. வயது 20. உடல்கூட ஊர் வந்து சேரவில்லை.

'யூரோப்பா யுனிவர்சாலிஸ் 4' என்ற கணினி விளையாட்டு அதற்கு மறுநாள் தொடங்குகிறது. ஸ்வீடனின் பாரடாக்ஸ் நிறுவனம் 2013-இல் வெளியிட்டது. ஒரு நாட்டை எடுத்துக்கொண்டு 1821 வரை ஓட்டலாம். போர், வரி, வணிகம், மதம், வாரிசு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு ஜன்னல், அதற்குள் இன்னொரு ஜன்னல்.

நான் இதை ஆடுவது 14 அங்குல மடிக்கணினியில். "பெரிய மானிட்டர் ஒண்ணு வாங்கித் தொலையேன்டா" என்பார்கள் நண்பர்கள். நியாயம்தான். விஜயநகரத்தை ஆடும்போது கருவூலக் கணக்கைத் திறந்தால் வடக்கே பாமினி எல்லை மறைந்துவிடும். எல்லையைப் பார்க்கப் போனால் கணக்கை மூட வேண்டும். முழு வரைபடத்தையும் பார்க்கப் பின்னுக்கு இழுத்தால் பெயர்கள் எறும்பு வரிசையாகிவிடும். ஆனால் இப்படித் துண்டு துண்டாகப் பார்ப்பதுதான் இந்த விளையாட்டுகளின் பூர்வீகம்.

1812-இல் பிரஷ்யாவில் ரைஸ்விட்ஸ் என்பவர் தன் அரசனுக்கு ஒரு போர் மேசை செய்து கொடுத்தார். நிலத்தைக் காட்டும் சதுரத் துண்டுகளை அதில் மாற்றி மாற்றி அடுக்கலாம். பீரங்கிப் படை அதிகாரியான அவருடைய மகன் அதைக் காகித வரைபடத்துக்குக் கொண்டுவந்து, 1824-இல் விதிகளை வெளியிட்டார். பெயர் கிரீக்ஸ்ஷ்பீல், அதாவது போர் விளையாட்டு. அதில் இரண்டு தரப்பும் தங்கள் உத்தரவுகளை நடுவரிடம் கொடுக்க வேண்டும். எதிரிப் படை உங்கள் படையின் கண்ணில் படும் இடத்துக்கு வந்தால்தான் அதன் கட்டையை நடுவர் வரைபடத்தில் வைப்பார். முழுப் படம் நடுவர் ஒருவருக்கே தெரியும். தளபதிக்கு வாய்த்தது அரைகுறைச் செய்திதான்.

கணினி வந்ததும் அந்த நடுவர் நாற்காலியில் முக்கால்வாசி நமக்குக் கிடைத்துவிட்டது. தூரத்துப் படைகளைப் பனிமூட்டம் மறைக்கும், சரி. ஆனால் நமக்குத் தெரிந்த நாடுகளில் எந்த அரசன் செத்தான், எந்த எல்லை மாறியது என்பதெல்லாம் அன்றைக்கே தெரிந்துவிடும். விளையாட்டில் போலந்தை எடுத்தால் முதல் நாளே சிம்மாசனம் காலி. நிஜப் போலந்தில் அரசன் எங்கேயோ உயிரோடு இருக்கிறான் என்ற பேச்சு ஓயவே இல்லை. அதோடு பேரமும் சேர்ந்துகொள்ள, தம்பி காசிமிர் முடிசூட 1447 ஆகிவிட்டது.

இது வெறும் விளையாட்டு விவகாரம் இல்லை. 1565 தலைக்கோட்டைப் போரைப் பற்றிப் பேச்சு வந்தால் யாராவது ஒருவர் சொல்வார்: "சுல்தான்கள் ஒண்ணு சேருவாங்கன்னு ராமராயருக்குத் தெரிய வேண்டாமா?" ஒரு சுல்தானுக்கு எதிராக இன்னொருவரை நிறுத்துவதுதான் ராமராயரின் உத்தி. பல வருடங்கள் அது பலித்தது. அவர் கண்ணுக்குத் தெரிந்த வரைபடம் அது. ஓயாமல் அடித்துக்கொண்ட அகமத்நகரும் பீஜப்பூரும் திருமணத்தால் சம்பந்திகளானபோது வரைபடம் மாறியது. முடிவு தெரிந்த நமக்கு அந்தத் திருமணம் பெரிதாகத் தெரிகிறது. அவருக்கு அது வந்து குவியும் நூறு செய்திகளில் ஒன்றாக இருந்திருக்கலாம்.

ராமராயர் தவறே செய்யவில்லை என்று நான் வாதாடவில்லை. "ஏன் செய்யவில்லை?" என்று கேட்பதற்கு முன், "அன்றைக்கு அவருக்கு என்ன தெரியும்?" என்று கேட்க வேண்டும் என்கிறேன். என் சின்னத் திரை அந்தக் கேள்வியை மறக்க விடுவதில்லை. கருவூலக் கணக்கில் கண் வைத்திருக்கும்போது வடக்கே ஒரு படை நகர்ந்துவிடுகிறது. எல்லை முழுவதும் ஒரே பார்வையில் தெரிகிற திரையில் உட்கார்ந்து எந்த அரசனும் ஆண்டதில்லை.