‘மிஸ்’ வேறு, ‘மிஸ்ஸிங்’ வேறு: உணர்வை ஆங்கிலத்தில் பிழையின்றிச் சொல்ல

கிளிநொச்சியில் மாலை நேரங்களில் பெரியவர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்கிறேன். ஒரு நாள் வகுப்புக்கு வந்த அம்மா ஒருவர், மகனின் படம் ஒட்டிய மட்டை ஒன்றைக் காட்டினார். காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி இங்கு தொடங்கிய போராட்டத்துக்குக் கொண்டுபோவதற்காக எழுதியது. படத்தின் கீழே ‘ஐ மிஸ்ட் மை சன்’ என்றிருந்தது.

“இது சரியோ ரீச்சர்?” என்று கேட்டார்.

இலக்கணப்படி பிழையில்லை. ஆனால் அவர் சொல்ல நினைத்தது அதுவல்ல. ‘மிஸ்ட்’ என்பது இறந்தகாலம். வாசிக்கும் வெளிநாட்டவர், ‘மகனைச் சந்திக்கத் தவறிவிட்டேன்’ என்றோ, ‘முன்பொரு காலம் மகனை நினைத்து ஏங்கினேன்’ என்றோ விளங்கிக்கொள்வார். எப்படிப் பார்த்தாலும் முடிந்துபோன கதை. அந்தத் தாய்க்கு அது முடியவில்லை.

அன்று முதல் உணர்வுச் சொற்களுக்கெனத் தனியாகப் பாடம் எடுக்கிறேன். அதன் சுருக்கம் இது.

ஏன் தடுமாறுகிறோம்?

தமிழில் உணர்வு எங்களிடம் வருகிறது. ‘எனக்குப் பயமாக இருக்கிறது’, ‘எனக்குக் கவலை’, ‘எனக்கு நோகுது’ என்கிறோம். ‘நான்’ என்று தொடங்குவதில்லை. ஆங்கிலத்திலோ பெரும்பாலும் ‘ஐ’ என்றுதான் தொடங்க வேண்டும். தமிழை மனதில் வைத்து ஆங்கிலத்தில் பேசும்போது பிழை விடும் இடங்கள் இவை.

1. ‘ஃபீல்’ தனியே நிற்காது

‘அவன் சரியா ஃபீல் பண்ணுறான்’ என்றால் எங்களுக்குக் கவலைப்படுகிறான் என்று விளங்கும். ஆங்கிலத்தில் ‘ஹி இஸ் ஃபீலிங்’ என்று நிறுத்தினால் வசனம் அரைகுறையாக நிற்கும். என்ன உணர்வு என்பதைச் சேர்க்க வேண்டும்: ‘ஹி ஃபீல்ஸ் சாட்’. ‘ஐ ஃபீல்’, ‘ஐ ஆம் ஃபீலிங்’ இரண்டும் சரிதான்.

ஏதாவது செய்ய வேண்டும் போலிருந்தால் ‘ஃபீல் லைக்’ போட்டு, வினைச்சொல்லுக்கு ‘இங்’ சேர்க்க வேண்டும். அழுகை வருகிறது என்பதற்கு ‘ஐ ஃபீல் லைக் க்ரையிங்’.

2. ‘ஐ ஆம் ஃபியர்’ பிழை

‘ஃபியர்’ என்றால் பயம். ‘ஐ ஆம் ஃபியர்’ என்றால் ‘நானே பயம்’ என்றாகிவிடும். ‘ஐ ஆம் அஃப்ரெய்ட்’ என்பதே சரி. எதற்குப் பயம் என்று சொல்வதானால் ‘ஒஃப்’ சேர்க்க வேண்டும்.

இன்னொன்று: ஓர் அதிகாரி ‘ஐ ஆம் அஃப்ரெய்ட்’ என்று தொடங்கினால் அவர் பயப்படுகிறார் என்று எண்ணாதீர்கள். பெரும்பாலும் மறுப்பையோ கெட்ட செய்தியையோ பணிவாகச் சொல்லப்போகிறார்.

3. ‘எட்’ யாருக்கு, ‘இங்’ எதற்கு?

‘ஐ ஆம் ஃப்ரைட்டனிங்’ என்றால் நான் மற்றவரைப் பயமுறுத்துகிற ஆள். பயந்துபோயிருப்பவர் ‘ஐ ஆம் ஃப்ரைட்டன்ட்’ என்று சொல்ல வேண்டும். ‘ஐ ஆம் போரிங்’ என்றால் நான் அலுப்படிக்கிற ஆள். எனக்கு அலுப்பு என்பதற்கு ‘ஐ ஆம் போர்ட்’.

நினைவில் வைக்க எளிய வழி இருக்கிறது. தமிழில் ‘எனக்கு’ என்று வருகிற ஆளுக்கு ‘எட்’. அந்த உணர்வைத் தருகிற பொருளுக்கு ‘இங்’. சத்தம் ஃப்ரைட்டனிங், பிள்ளை ஃப்ரைட்டன்ட்.

4. நோவைச் சொல்லும்போது

‘மை லெக் இஸ் பெயினிங்’ என்பது எங்கள் பக்கத்தில் பழகிப்போன பேச்சு. இங்குள்ள வைத்தியருக்கு விளங்கும். இங்கிலாந்திலோ கனடாவிலோ ‘மை லெக் ஹர்ட்ஸ்’ என்பார்கள். ‘ஐ ஹர்ட் மை லெக்’ என்றால் காலில் அடிபட்டுவிட்டது என்று பொருள்; வைத்தியர் புதிய காயத்தைத் தேடுவார்.

ஷெல் சிதறல் உடம்பில் இருப்பவர்களுக்கு நோவு பழையது, இன்னும் தொடர்வது. அதற்கு, ‘ஐ ஹாவ் ஹாட் திஸ் பெயின் சின்ஸ் 2009’. ‘ஐ ஹாட் பெயின் இன் 2009’ என்றால் அன்றிருந்தது, இன்றில்லை என்றே விளங்கும்.

5. அச்சம்: அன்றா, இன்றா?

1951ஆம் ஆண்டின் அகதிகள் சமவாயம், தகுந்த காரணங்களின் அடிப்படையிலான அச்சத்தையே அகதி என்பதற்கு முக்கிய அளவுகோலாக வைத்திருக்கிறது. திரும்பிப் போனால் என்ன நடக்கும் என்ற அச்சம் அது. எனவே ‘ஐ வோஸ் அஃப்ரெய்ட்’ என்று மட்டும் சொன்னால், பயந்த காலம் போய்விட்டது போல ஒலிக்கும். இன்றும் அச்சம் இருந்தால் ‘ஐ ஆம் அஃப்ரெய்ட் டு கோ பாக்’ என்று நிகழ்காலத்தில் சொல்ல வேண்டும்.

ஆனாலும் இப்படியான நேர்காணலில் அரைகுறை ஆங்கிலத்தை நம்பாதீர்கள். மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். தமிழில் பேசுவதில் குறைவொன்றும் இல்லை.

6. ‘மிஸ்’, ‘மிஸ்ஸிங்’

‘ஐ மிஸ் மை சன்’ என்றால் மகன் இல்லாத ஏக்கம் எனக்கு இருக்கிறது. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைக்கும் இதைச் சொல்லலாம். ‘மை சன் இஸ் மிஸ்ஸிங்’ என்றால் மகனைக் காணவில்லை. முதலாவது தாயின் மனநிலை. இரண்டாவது மகனுக்கு நடந்தது. இரண்டையும் கலக்கக் கூடாது.

அந்த அம்மாவின் மட்டையில் இரண்டு வசனங்கள் எழுதினோம்: ‘மை சன் ஹாஸ் பீன் மிஸ்ஸிங் சின்ஸ் 2009. ஐ மிஸ் ஹிம் எவ்ரி டே.’

அவர் எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, “மிஸ்ஸிங் எண்டால் அவன் தானாத் துலைஞ்ச மாதிரி எல்லோ கிடக்கு?” என்றார்.

அது நியாயமான கேள்வி. தமிழில் நாங்களும் ‘காணாமல் போனோர்’ என்று சொல்வதை விட்டு, ‘காணாமல் ஆக்கப்பட்டோர்’ என்கிறோம். ஆங்கிலத்திலும் அதற்கு வழியுண்டு. ‘டிஸப்பியர்’ என்பது வழக்கமாகத் தானாக மறைவதைக் குறிக்கும் வினை. மனித உரிமை மொழியில் அதைச் செயப்பாட்டு வினையாக்கி, ‘ஹி வோஸ் ஃபோர்சிப்ளி டிஸப்பியர்ட்’ என்கிறார்கள். அப்படிச் சொன்னால், செய்தவர் ஒருவர் இருக்கிறார் என்பது வசனத்திலேயே வந்துவிடும்.

முதல் வசனத்தை வெட்டிவிட்டு, ‘மை சன் வோஸ் ஃபோர்சிப்ளி டிஸப்பியர்ட் இன் 2009’ என்று எழுதினார். இங்கு இறந்தகாலம் சரி, நடந்தது அன்று. இரண்டாவது வசனத்தில் கைவைக்கவில்லை. அது நிகழ்காலத்திலேயே இருக்கிறது.